சும்மா ஒரு லொட்ஜ் இல்லை

ஐந்தாம் வகுப்புப் படிப்போடு கொட்டாஞ்சேனையில் சாப்பாட்டுக்கடை போட்டேன். ஒன்றுக்கும் ஆகாது என்று எல்லாரும் சொன்ன வெள்ளவத்தைக் காணியில் லொட்ஜ் எழுப்பினேன். மகளைக் கெமிஸ்ட்ரி டீச்சராக்கி, அவளுடைய டியூஷனுக்கு அந்த லொட்ஜின் கீழேயே மண்டபமும் கட்டிக் கொடுத்தேன்.

போன கிழமை மண்டப வாசலில் நின்று கேட்டேன். அணுவில் இலத்திரன்கள் எப்படி இடம் பிடிக்கும் என்று மகள் பலகையில் மாடிக் கட்டிடம் ஒன்றின் படம் கீறிப் படிப்பித்துக்கொண்டிருந்தாள்.

“லிப்ட் இல்லாத லொட்ஜ் ஒன்றை நினையுங்கோ. கீழ்மாடி நிரம்பாமல் ஒருத்தரும் மேலே ஏறமாட்டினம். மேலே ஒரே மாதிரி மூன்று அறை, அறைக்கு இரண்டு கட்டில். முதல் வாற மூன்று பேரும் ஆளுக்கொரு அறை எடுப்பினம். நாலாவது ஆள்தான் இன்னொருத்தரோட சேருவார். அப்பவும் ஒருத்தர் வாசல் பக்கம் தலை வைத்தால் மற்றவர் யன்னல் பக்கம். இலத்திரனும் அப்படித்தான்.”

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அது அப்படியே என்னுடைய லொட்ஜ். தலைமாறிப் படுப்பது, குறட்டைச் சண்டை தாங்காமல் நான் போட்ட சட்டம்.

“எந்த லொட்ஜ் மிஸ்?” என்றான் ஒரு பொடியன்.

“சும்மா ஒரு லொட்ஜ்.”

வகுப்பு முடிந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன். “சும்மா ஒரு லொட்ஜோ? அப்பா கட்டினது என்று சொன்னால் என்ன?”

“பிள்ளைகளுக்குப் பாடக்குறிப்பு அச்சடிச்சுக் குடுக்கிற டியூட்டில விளம்பரம் போடச் சொல்லுறீங்களோ, அப்பா?” என்று சிரித்தாள்.

ஓம், போடத்தான் வேணும். இலத்திரனுக்குச் சட்டம் போட்டது கடவுளாகவே இருக்கட்டும். லொட்ஜுக்குப் போட்டது நான். அடுத்த டியூட்டில் அந்தப் படத்துக்குக் கீழே ‘அப்பா கட்டிய லொட்ஜ்’ என்று அச்சடித்தே ஆகவேண்டும்.