புள்ளிக்கு முன்னால் ஒரு சைபர்

சூடாக வெளிவரும் நகல் தாளுக்கு ஒரு வாசம் உண்டு. இஸ்திரிப் பெட்டி துணியைத் தீய்க்கப் போகிற நேரத்து வாசம். பாயான் லெப்பாஸ் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்த அம்மா, மாலையில் எங்கள் ஜார்ஜ் டவுன் ஃப்ளாட்டுக்குள் நுழையும்போது அந்த வாசமும் கூடவே நுழையும். இயந்திரம் கழுவுவது, அமிலம் கலப்பது என எல்லாவற்றுக்கும் செய்முறைத் தாள் அடிப்பவர் அவர்தான். அசல் தாள் மேலாளரின் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். அதைக் கேட்கப் பயந்து, சுவரில் தொங்கும் நகலையே ஆளுக்கு ஆள் மறுபடி நகலெடுப்பார்கள். "பிள்ளைத் தாள்", "பேரன் தாள்", "கொள்ளுப்பேரன் தாள்" என்று கேலிப்பெயர் வேறு.

நான் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்தபோது, அதே தொழிற்சாலையில் வேலை செய்த எதிர்வீட்டு மேரி அக்கா ஒரு கொள்ளுப்பேரன் தாளைப் பார்த்துத் தொட்டியில் அமிலம் ஊற்றினார். அரை லிட்டர் என்பதை அம்மா ".5" என்று அடித்திருந்தார். நகலுக்கு நகல் தேய்ந்து அந்தப் புள்ளி காணாமல் போயிருந்தது. ஐந்து லிட்டர் அமிலம் பொங்கித் தெறித்து, மேரி அக்காவின் இடது கண்ணில் பட்டது.

விசாரணைக்கு முந்திய மாலை, அம்மா மேலாளரிடம் கேட்டு வாங்கிவந்த அசலையும் நகலையும் மேசையில் விரித்துவைத்து, சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்கு வேலை போய்விடுமோ என்று எனக்குப் பயம். அசலில் கண்ணை ஒட்டிவைத்துத் தேடினேன். எள்ளளவுக்கு இருந்தது!

"அம்மா, புள்ளி இருக்கு! நீங்க தப்பே பண்ணல!"

அம்மா முகம் மலரவில்லை. "இதக் காட்டுனா, மேரிதான் கவனமில்லாம ஊத்திட்டான்னு எழுதிருவாங்க லா. கண்ணும் போச்சு, பழியும் அவ தலையிலயா?"

"அப்ப என்னம்மா சொல்வீங்க?"

அம்மா ஒரு வெற்றுத் தாளில் "0.5" என்று எழுதினார். "இப்ப புள்ளி அழிஞ்சாலும் சைபர் அஞ்சுன்னு நிக்கும். என்னடா இதுன்னு மேரி ஒரு நிமிஷம் நின்னு யாரையாச்சும் கேட்டிருப்பா. ஒரு சைபர் அடிக்கச் சோம்பல்பட்டது நான்தானே?"

மறுநாள் மேலாளரிடமும் அதையே சொன்னார். டைப்பிஸ்ட் வேலை போனது. மேரி அக்கா நின்ற அதே தொட்டியருகே அம்மாவை வேலைக்கு நிறுத்தினார்கள். எனக்கு அம்மா மேல் கோபம் கோபமாக வந்தது. மேரி அக்கா மேல் யாரும் பழி எழுதவில்லை.

இன்று நானும் இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுகிறேன். நகல் தாளும் அதன் வாசமும் போய் எல்லாம் கணினித் திரைக்கு வந்துவிட்டன. "இனிமே புள்ளி எங்கக்கா அழியப் போகுது, சைபர் எதுக்கு?" என்கிறார்கள் உடன் வேலை செய்பவர்கள். நான் போட்டுவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மேரி அக்கா வந்திருந்தார். அம்மா எப்போதும்போல் தேநீரை அவருடைய வலது பக்கமாகவே வைத்தார்.