மீன்கொத்திக்கு பிரெஞ்சு தெரியாது

என் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்றவர். யாரைப் படமெடுத்தாலும் பொத்தானை அழுத்துமுன் "பூஜ் பா!" என்று அதட்டுவார். பிரெஞ்சில் 'அசையாதே' என்று அர்த்தம். கல்யாணமோ ஞானஸ்நானமோ, அந்த அதட்டலில் குடும்பமே விறைத்து நிற்கும் படங்கள் எங்களிடம் ஆல்பம் ஆல்பமாக இருக்கின்றன.

டிஜிட்டல் கேமராக்கள் வரத் தொடங்கிய காலம். பாரீசிலிருந்து லீவில் வந்த என் தம்பி அவருக்கு ஒன்று கொண்டுவந்தான். அந்த வருஷம்தான் எங்கள் ஒரே மகளுக்குக் கல்யாணம். கிறிஸ்மஸ் முடிந்ததும் பிரான்சில் இருக்கும் மாப்பிள்ளையிடம் போகவேண்டும்.

"அங்க என் ரூம்ல மாட்டிக்க ஒரு மீன்கொத்தி படம் எடுத்துக் குடுங்கப்பா" என்றாள். சின்ன வயதில் ஊசுட்டேரிக் கரையில் அவளைத் தோளில் தூக்கிவைத்து அவர் காட்டிய பறவை அது. அவ்வளவுதான், மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. மகள் விமானம் ஏறுவதற்குள் மீன்கொத்தியைப் பிடித்தாக வேண்டும்.

விடிந்ததும் ஏரிக்கு ஸ்கூட்டரில் போனோம், பின்னால் இட்லி டப்பாவோடு நான். கரையோரக் கருவேலங்கிளையில் மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. கேமராவைத் தூக்கினார். "பூஜ் பா!" பறவை போயே போய்விட்டது.

"அதுக்கு பிரெஞ்சு தெரியாதுங்க. வாய மூடிக்கினு எடுங்க."

"தானா வந்துடுதே, நான் என்னடி பண்றது?" என்றார் பாவமாக. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்புறம் இடம் இடமாகப் பயிற்சி. நெல்லித்தோப்பில் எங்கள் மாடிச் செம்பருத்திக்கு வரும் தேன்சிட்டு ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்காது. பூவைக் குறிவைத்துக்கொண்டு காத்திருக்கக் கற்றார். கனகசெட்டிக்குளம் கடற்கரையில் நின்றபடி எடுத்த உள்ளான் குருவிகளுக்கு முதுகு மட்டுமே தெரிந்தது. மறுநாள் ஈரமணலில் குப்புறப் படுத்துவிட்டார். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள், ஆள் மயங்கி விழுந்துவிட்டார் என்று ஓடிவந்தார்கள். எனக்கு மானம் போயிற்று. படங்கள் என்னவோ தேறிக்கொண்டே வந்தன. ஆனால் கொஞ்சம் பெரிய பறவை வந்து நிதானமாக உட்கார்ந்தால் போதும், "பூஜ் பா!"

பொறுத்துப் பார்த்தேன். ஒருநாள் ஏரிக்கரையில் மீன்கொத்தி தென்பட்டதும், பல்லோடு பல் ஒட்டிக்கொள்ளும் கமர்கட் இரண்டை அவர் வாயில் திணித்தேன். வாய் திறக்கவில்லை. வெயில் எங்கள் முதுகுக்குப் பின்னால். நெஞ்சு வெள்ளையும் இறக்கை நீலமுமாக மீன்கொத்தி அப்படியே படத்தில் விழுந்தது. சந்தோஷத்தில் பேசவும் முடியாமல் என் கையைப் பிடித்து ஆட்டினார். என் ராசா!

அந்தப் படம் சட்டம் போட்டு, புடவைகளுக்கு நடுவே அவள் பெட்டிக்குள் போனது.

சென்னை விமான நிலைய வாசலில் மகள் வழக்கம்போல விறைத்து நின்று, "சொல்லுங்கப்பா" என்று சிரித்தாள். அவர் ஒன்றும் சொல்லாமல் எடுத்தார். முத்தம் கொடுத்துவிட்டு அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். கதவை நெருங்கும்போது, கேமரா கழுத்தில் தொங்க, இவர் சொன்னார்: "பூஜ் பா."

அதட்டலே இல்லை. ஆனாலும் அவள் காதில் விழுந்துவிட்டது. திரும்பாமல், அசையாமல் அப்படியே நின்றாள். பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது: "போடி கண்ணு, நேரமாச்சு."