ஆறு பலகைகளை எடுத்துக் காட்டியவர்

போன மாதம் ஒரு காலையில் அம்மாவின் அறையில் மூன்றாவது பலகையைத் தூக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பலகையை அப்படியே கணவரின் தோளில் சாய்த்துவிட்டு ஓடினேன். பொன்னையன் சாரின் மகள். "அக்கா, அப்பா போயாச்சு. சாயா குடிச்சிட்டு இருக்கும்போதாக்கும்" என்றாள். திரும்பி வந்து மிச்சப் பலகைகளையும் எடுத்தோம். அம்மா வெயிலுக்காகக் காத்திருந்தாள்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் பழைய கட்டடம் எங்கே இருந்தாலும் அங்கே அளவுநாடாவும் கையுமாக அவரைப் பார்த்திருப்பீர்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடங்களை அளந்து படம் வரைவது அவர் வேலை. சாதுவான மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அவர் முதலில் எதிரியாகத்தான் அறிமுகமானார். அதை மறைத்து அஞ்சலி எழுதினால் அவருக்கே பிடிக்காது.

எங்களுடையது வயலை நம்பிக் கட்டிய வீடு. நடுவில் நெல் கொட்டி வைக்கும் அறை. அதன் ஒரு பக்கம் நெல்லடிக்கும் களம், மற்றப் பக்கங்களில்தான் மீதி அறைகள். முழுக்க ஆஞ்சிலி மரம், இரும்பாணி ஒன்றுகூடக் கிடையாது. தொல்லியல் துறை வந்து வாசலில் அறிவிப்புப் பலகை நட்டு, இனி எதையும் இடிக்கவோ வெட்டவோ கூடாது என்று சொன்னபோது எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நெல் அதற்கு வெகு காலம் முன்பே போய்விட்டது. குளிர்ச்சியான இடம் என்று அம்மா அந்த அறையைத் தன் படுக்கையறையாக்கிக்கொண்டாள். இடுப்பெலும்பு முறிந்து சக்கர நாற்காலிக்கு வந்த பிறகுதான் சங்கடம் தெரிந்தது. நெல் சிந்தாமலிருக்க அந்த அறையின் நிலைப்படியை முழங்கால் உயரத்துக்கு வைத்திருந்தார்கள். மற்ற அறைகளிலும் படி அப்படித்தான். வெயில் காண வேண்டுமென்றால் அம்மாவை இரண்டு பேர் தூக்க வேண்டும். ஒவ்வொரு தூக்கலுக்கும் வலியில் கத்துவாள். பிறகு வெளியே வருவதையே வேண்டாமென்று விட்டுவிட்டாள். ஏழு மாதம் சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

நான் பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஆதாரம், அதாவது சொத்துப் பத்திரம், எழுதுகிறவள். மனு எழுதச் சொல்லித்தரவா வேண்டும்? நிலைப்படியை அறுக்க அனுமதி கேட்டு எழுதினேன். பார்வையிட வந்தவர் பொன்னையன் சார். அளந்தார், குறித்தார், அனுமதிக்க இயலாது என்று அறிக்கை கொடுத்தார். அடுத்த முறை கடைத்தெருவில் கண்டபோது எனக்கு வாய் நிற்கவில்லை. "சாருக்க அம்மைய ஒரு நாளு அதுக்குள்ள இருத்திப் பாரும். அப்பம் தெரியும் நிலைப்படிக்க உயரம்" என்று நாலு பேர் கேட்கச் சொன்னேன். அவர் கையிலிருந்த பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தனுவச்சபுரத்திலிருந்து பஸ் ஏறி, துறையின் ஜீப் இல்லாமல் வந்தார். கையில் எங்கள் வீட்டுக்கு அவர் முன்பு வரைந்த படம். "தங்கச்சி, களத்துப் பக்கத்துத் தூணுக்கு மேல ஒரு வெட்டு உண்டு. நான் அதைப் பாத்து அப்படியே வரைஞ்சிருக்கேன். எதுக்குன்னு கேக்கல்ல" என்றார். பேனாக்கத்தியால் களத்தைப் பார்த்த பலகைச் சுவரைச் சுரண்டத் தொடங்கினார். என் கல்யாணத்துக்கு அப்பா ஆசையாக அடித்த பச்சை எனாமல் பெயின்ட் உரிந்து உரிந்து விழுந்தது. அடியில் பலகைக்குப் பலகை உளிக்கீறல்கள்: ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு வரை.

அது சுவரே இல்லை. நெல் ஏற ஏற ஒவ்வொன்றாக மேல் வெட்டு வழியே தூணின் காடிப் பள்ளத்தில் இறக்கி, நெல் குறையக் குறைய மேலிருந்து உருவி எடுக்கும் பலகைகள். எங்கள் பெயின்ட் எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டிச் சுவராக்கியிருந்தது. அவர் தன் படத்தில் அதைச் சுவர் என்றே எழுதியிருந்தார். "தப்பு எனக்கதாக்கும். வீடு கெட்டினவன் வழி வச்சிருக்கான், நான் அடச்சு வரைஞ்சுட்டேன். அறுக்காண்டாம், எடுத்தா போரும்" என்றார்.

ஆறு பலகைகளையும் எடுக்க மதியம் தாண்டிவிட்டது. அடியிலிருந்த அகலமான இரண்டையும் களத்துக்குச் சரிவாகப் போட்டு, அம்மாவை அவரே தள்ளி இறக்கினார். வெயில் பட்டதும் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம், "மக்கா, நீ சோறு தின்னியா?" என்று அவரிடம் கேட்டாள். அந்த மனிதர் அங்கேயே அழுதார். நானும்தான்.

ஆதாரத்தில் பிழை வந்தால் நாங்கள் முதலில் கட்சிக்காரரைச் சொல்வோம், பிறகு கிராம அலுவலகத்தைச் சொல்வோம். அவர் புதிய படத்தின் மூலையில் தன் கைப்பட எழுதிவைத்தார்: 'முந்தைய படத்தில் பிழை. வரைந்தவன் நானே.' மேலிடத்தில் இதற்கு விளக்கம் கேட்டார்களாம். "கேக்கட்டு. வாயி உண்டல்லா, சொல்லுவேன்" என்று சிரித்தார்.

அடக்கத்துக்கு அம்மா வந்தே தீருவேன் என்றாள். அவர் வீடு கான்கிரீட் வீடு, வாசலில் மூன்று படி. எனக்கு ஞாபகமிருந்ததால் ஒன்றாம், இரண்டாம் பலகைகளை வேனில் ஏற்றிக் கொண்டுபோனேன். பாதுகாக்கப்பட்ட வீட்டின் மரத்தை ஊர்கடத்திய குற்றத்துக்கு அவரே எனக்கு நோட்டீஸ் எழுதியிருப்பார். பலகைகளைப் படிமேல் சரித்தபோது அவர் மகள் ஓடிவந்து நாற்காலியைப் பிடித்தாள். அம்மா வலியில்லாமல் ஏறி, அவர் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

அவர் திருத்தி வரைந்த அந்தப் புதிய படத்தின் நகல் இப்போது என் எழுத்து மேசையில் இருக்கிறது. சென்ற வாரம் நான் எழுதிய ஓர் ஆதாரத்தில் வடக்கு எல்லை தவறியிருந்ததைக் கண்டேன். கட்சிக்காரரை நானே கூப்பிட்டேன். "தப்பு எனக்கதாக்கும்" என்றேன்.  பிறகு எழுந்து வீட்டுக்குப் போய் அம்மாவைக் களத்துக்கு இறக்கினேன்.