மூன்று விரல் கீழே

'கண்ணாடிக் குழலுக்கெல்லாம் நான் பயப்படமாட்டேன். மனுசருக்குப் பயந்து கழிச்ச காலம் போதும்.'

நேசபாய் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மருந்து அறையின் நடுவில் நின்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தில் பகல் பன்னிரண்டு இருபது.

இது நடந்தது. கொல்லம் 1109, பங்குனி மாதம், நாகர்கோவிலுக்கு மேற்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில். நடுச்சாமத்தில் அல்ல, உச்சி வெயிலில், ஜன்னலெல்லாம் திறந்து கிடந்தபோது. நேசபாய் பொய்யே சொல்லாதவள் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. புருஷன் வீட்டில் பதினோரு வருஷம் பொய் சொல்லித்தான் உயிரோடு இருந்தாள். ஆனால் இந்த விஷயத்தில் அவள் ஒரு சொல்லைக்கூடக் கூட்டிச் சொன்னதில்லை.

அந்தத் திங்கட்கிழமைதான் கம்பவுண்டராக வேலைக்குச் சேர்ந்திருந்தாள். சம்பளம் குறைவு. ஆனால் மகள் லீமாவுக்கு மிஷன் போர்டிங்கில் சோறும் படிப்பும் இலவசம். வேலை போனால் அதுவும் போகும்.

அவளுக்கு முன்னால் அந்த மேசையில் நின்றவள் சத்தியபாய். அவள் அளந்து கொடுத்த எட்டிச் சாரத்தை, அளவு மீறினால் விஷமாகும் மருந்தை, குடித்து நாலு வயதுப் பையன் ஒருவன் இழுத்து இழுத்துச் செத்துப்போனான். "அளவுல கை தவறிட்டு" என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டார்கள். தக்கலையில் தங்கச்சி வீட்டுக்குப் போனவள் அங்கேயே படுத்து, போன சனிக்கிழமை இறந்தாள்.

சேர்ந்த அன்று காலையிலேயே டாக்டர் ஜெயசிங் ஒரு தாளைக் காட்டினார்.

"வெள்ளிக்கிழமை மிஷன் கமிட்டிக்காரங்க வருவாங்க. அளவுக் கண்ணாடி எல்லாத்தையும் சோதிச்சேன், சரியா இருக்குன்னு எழுதியிருக்கு. ஒப்புப் போடணும்."

"சோதிச்சுட்டுப் போடுகேன் ஐயா."

"அதுக்கெல்லாம் நேரமில்ல கேட்டியா?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அளவுக் கண்ணாடிகளில் முக்கியமானது பிப்பெட். இரண்டு முனையும் திறந்த நீளமான கண்ணாடிக் குழல். கீழ்முனையை மருந்தில் வைத்து மேல்முனையை வாயால் உறிஞ்ச வேண்டும். மருந்து, குழலில் கீறியிருக்கும் அளவுக் கோட்டைத் தாண்டி ஏறியதும் வாயை எடுத்துவிட்டு ஆள்காட்டி விரலால் சட்டென்று பொத்த வேண்டும். விரலைத் துளி தளர்த்தினால் மருந்து மெல்ல இறங்கிக் கோட்டில் வந்து நிற்கும். விஷ மருந்துக்கும் இதே வாய்தான், இதே விரல்தான். விரல் இல்லாவிட்டால் உள்ளே எதுவும் நிற்காது.

கழுவிய பிப்பெட்டை, முனை தண்ணீர்க் கிண்ணத்தில் படும்படி தாங்கியில் மாட்டி வைப்பது அங்கே வழக்கம். திங்கட்கிழமை பன்னிரண்டு இருபதுக்கு நேசபாய் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கப் போனாள். தற்செயலாகத் திரும்பினாள்.

குழலுக்குள் தண்ணீர் நின்றது.

கோட்டில் அல்ல. கோட்டுக்கு மூன்று விரல் கீழே. மேல்முனை திறந்திருந்தது. யாரும் பொத்தவில்லை.

அழுக்கு அடைத்திருக்கும் என்று நினைத்துச் சுண்டினாள். அசையவில்லை. மூச்சு விடும் நேரம் கழிந்தது. பிறகு... சளக். அத்தனையும் கிண்ணத்தில் இறங்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமை குழலைக் கம்பி விட்டுக் கழுவினாள். பன்னிரண்டு பதினைந்துக்கு அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பன்னிரண்டு இருபத்திரண்டுக்குத் திறந்தாள். அதே தண்ணீர். அதே மூன்று விரல். குனிந்து பார்த்தாள். மேல்முனை ஈரமாக இருந்தது. கிராம்பு மணந்தது.

வார்டைப் பெருக்க வந்த செல்லபாயிடம் கேட்டாள்.

"இங்க யாராவது கிராம்பு மெல்லுவினுமா?"

செல்லபாயின் கையிலிருந்து துடைப்பம் விழுந்தது. "பல்லுவலிக்காரி ஒருத்தி மென்னா, ஒங்களுக்கு முன்னால இங்க நின்னவ. இப்ப இல்ல. எக்கா, அந்தக் கொழலத் தொடாண்டாம்."

"ஏன், கடிக்குமா?"

"சிரிக்காதீங்க. பழைய கொழலு ஒடஞ்சப்போ சீமையில இருந்து வர ஆறு மாசம் ஆவும்னு, டாக்டரய்யா வடசேரியில ஒரு வெறுங் கொழலு வாங்கினாரு. ஒடஞ்ச பழசப் பக்கத்துல வச்சு, நீளம் பாத்து, அவருக்க கையாலயே அரத்தால கோடு கீறினாரு. அந்த வாரந்தான் பிள்ள செத்துது."

அன்று முழுவதும் நேசபாய் யோசித்தாள்: இரண்டு நாளும் அதே நேரம், அதே மூன்று விரல். ஒரு பொம்பிளை ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அவளைப் பைத்தியம் என்பார்கள். தன்னையும் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். யாரும் கேட்காததால்தான் அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள் என்பது அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது.

புதன்கிழமை அவள் வெளியே போகவில்லை. கதவை உள்ளே தாழிட்டுத் தாங்கிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

பன்னிரண்டு பதினேழு. வேப்பமரத்தில் காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன.

பன்னிரண்டு பத்தொன்பது. காக்கைகள் நின்றுவிட்டன.

பன்னிரண்டு இருபது.

உஸ்ஸ்ஸ்...

யாரோ உறிஞ்சும் சத்தம்.

தண்ணீர் ஏறியது. கோட்டைத் தாண்டியது. நின்றது.

மெல்ல... மெல்ல இறங்கியது. கோட்டுக்கு வந்தது. நிற்கவில்லை.

ஒரு விரல்.

இரண்டு விரல்.

மூன்று.

நின்றது.

கிராம்பு மணம்.

நேசபாய் எழுந்தாள். கையை நீட்டி, குழலின் மேல்முனையில் தன் விரலை வைத்தாள்.

கண்ணாடி தட்டுப்படவில்லை.

விரல். குளிர்ந்த, ஈரமான விரல்...

அவள் கையை எடுக்கவில்லை.

"கண்டேன்," என்றாள். "மூணு விரல் கீழ. கண்டேன், ஏட்டி. இனி நான் பாத்துக்கிடுகேன்."

அவள் விரலுக்கு அடியிலிருந்து அந்த விரல் நழுவியது. சளக்.

வியாழக்கிழமை மருந்துத் தராசை எடுத்தாள். அந்தக் குழல் ஒரு சி.சி. அளக்க வேண்டியது. ஒரு சி.சி. தண்ணீர் ஒரு கிராம் நிறை. டாக்டர் கீறிய கோடுவரை பத்துத் தடவை அளந்து ஊற்றினாள். பத்துக் கிராம் வர வேண்டும். பதினைந்து வந்தது. புதுக் குழலின் துளை பழையதைவிடக் கொஞ்சம் அகலமாக இருந்திருக்க வேண்டும். நீளத்தைப் பார்த்துக் கோடு போட்டவர் அகலத்தைப் பார்க்கவில்லை.

பிறகு மூன்று விரல் கீழே நூல் கட்டினாள். அதுவரை பத்துத் தடவை.

பத்துக் கிராம். ஒரு துளி கூடவில்லை, குறையவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, சத்தியபாய் விட்டுப்போன துணிப்பெட்டியை எடுத்துப்போக அவள் தங்கச்சி லீலாபாய் தக்கலையிலிருந்து வந்தாள். அழுது ஓய்ந்த முகம். நேசபாய் நடந்தது எதையும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றைக் கேட்டாள்.

"அடக்கம் எப்போ?"

"ஞாயிறு உச்சைக்கு. சவப்பெட்டிய மூடும்போ பன்னண்டு இருவது." லீலாபாய் குரலைத் தாழ்த்தினாள். "பாதிரியாருக்குத் தெரிஞ்சா ஏசுவாரு. யாரும் காணாம அவளுக்க வாயில ஒரு கிராம்பு வச்சேன். பல்லுவலியோடயே போனா, பாவம். இது ஒருத்தருக்கும் தெரியாது."

நேசபாய் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

பன்னிரண்டு பதினெட்டுக்கு டாக்டர் வந்தார். கையில் அதே தாள். வராந்தாவில் கமிட்டிக்காரர்களின் செருப்புச் சத்தம்.

மேசைமேல் தராசு இருந்தது. குழலில் நூல் இருந்தது. அவர் இரண்டையும் பார்த்தார். முகம் வெளுத்தது.

"லீமா நல்லா படிக்கியாளாமே," என்றார். "எந்தக் கிளாஸ்?"

"நாலு."

அவர் பேனாவைத் திறந்து அவள் கையில் வைத்தார்.

"மேல படிக்கணும்லா? ஒப்புப் போடு. அந்தக் குழலை இங்க தா. ஒடைச்சுப் போட்டுடுகேன். செத்தவளுக்கு இனி என்ன வந்துது?"

லீமாவின் முகம் நேசபாயின் கண்ணுக்குள் வந்தது.

கடிகாரம் பன்னிரண்டு இருபது காட்டியது. டாக்டரின் முதுகுக்குப் பின்னால், தாங்கியில்...

உஸ்ஸ்ஸ்...

அவர் திரும்பவில்லை. அவருக்குக் கேட்கவில்லையோ, கேட்டும் திரும்பவில்லையோ, அது இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

நேசபாய் அவரைச் சுற்றிப் போய்த் தாங்கியின் முன்னால் நின்றாள். பேனாவை மூடி அவர் பக்கமாக மேசைமேல் வைத்தாள்.

"ஒப்புப் போடமாட்டேன் ஐயா," என்றாள், மெதுவாக. "குழலையும் தரமாட்டேன்."