வரிசையின் முதல் ஆள்

மரக்காணம் உப்பளத்தில் கொளஞ்சியம்மாளுக்கு முன்னால் யாரும் நடந்தது கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை, வேலையே அப்படி. பாத்தியில் வாரிய உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றிக்கொண்டு, பன்னிரண்டு பெண்கள் ஒரு முழ அகல வரப்பில் ஒருவர் பின் ஒருவராக, உப்பைக் கொட்டிக் குவிக்கிற அம்பாரத்துக்குப் போக வேண்டும். முதல் ஆள் போகிற வேகம்தான் எல்லோருக்கும் வேகம். முதல் ஆள் நின்று மூக்கைச் சொறிந்தால் பின்னால் பதினோரு பேரும் முப்பது கிலோவைச் சுமந்தபடி நிற்க வேண்டியதுதான். அந்த இடத்தில் கொளஞ்சியம்மாள் பதினெட்டு வருஷமாக நடந்தாள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் முதல் பந்தியில் முதல் இலை அவளுடையது. பழக்கம் லேசில் விடுமா?

நாற்பத்தேழு வயது. சேலைக்கு மேல் புருஷனின் பழைய சட்டை, தலையில் சும்மாடு, ஊருக்கே கேட்கிற குரல். தலையில் கூடை இருக்கும்போது திரும்பிப் பார்க்க முடியாது. அதனால் பாதி வழியில் "ஏ... வா!" என்று ஒரு சத்தம் கொடுப்பாள். கடைசியில் வருகிற வேலம்மாள் "வந்தேன்!" என்பாள். அந்தப் பதில் வந்தால் நடுவில் இருக்கிற பத்துப் பேரும் பத்திரமாக வருகிறார்கள் என்று அர்த்தம்.

2005ஆம் வருஷத்து சீசனில் வேலம்மாளின் முட்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. "வந்தேன்" கொஞ்சம் தாமதமாக வந்தது. கொளஞ்சியம்மாள் வாயே திறக்காமல் நடையைக் குறைத்துக்கொண்டாள். ஒரு நாளைக்கு நாலு நடை குறைந்ததை மேஸ்திரி தேசப்பன் கவனித்துவிட்டான். காரணம் என்ன என்று அவளைக் கேட்கவில்லை, தானாகவே கண்டுபிடித்துக்கொண்டான். புரட்டாசியில் மழைக்காக அளத்தை மூடிய அன்று எல்லோர் முன்னாலும் சொன்னான்.

"கொளஞ்சி, அடுத்த சீசனுக்கு அம்சவல்லி முன்னால நடக்கட்டும். நீ நடுவுல வா. வயசாவுதில்ல?"

அம்சவல்லிக்கு இருபத்தொன்பது வயசு, நல்ல திடம். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வேலம்மாளின் முட்டியைப் பற்றிச் சொன்னால் தேசப்பன் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவான். அதனால் கொளஞ்சியம்மாள் வாயை மூடிக்கொண்டாள். உப்புக் கூடை சுமப்பதைவிட அவளுக்கு அது பெரிய பாரம். அந்த ஆத்திரத்தில் வீட்டில் இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை. புருஷன் குழந்தைசாமி டீக்கடை பன்னைத் தின்றே காலம் தள்ளினான். மூன்றாம் நாள் ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று, நடுவில் நடந்தால் வெயில் கம்மியாகத்தானே அடிக்கும் என்று கேட்டுவைத்தான். அன்றைக்கும் பன்தான்.

அந்த வருஷம் கடலோரம் முழுக்கத் தொண்டு நிறுவன ஜீப்புகள். சுனாமி வந்து போனதிலிருந்து தினம் ஒருவர் வந்து பெயர் எழுதிக்கொண்டு போவார். ஒருவர் பாய் கொடுத்தார், ஒருவர் பக்கெட் கொடுத்தார், ஒருவர் மெழுகுவத்தி செய்யச் சொல்லிக்கொடுத்தார். கடைசியாக மணிவண்ணன் என்று ஒரு தம்பி கழுத்தில் விசிலோடு வந்தார். கடலோரப் பெண்களுக்கு மனசில் பயம் தங்கிவிட்டதாம். அது போவதற்குச் செஞ்சிக்கு மேற்கே கரடிமலையில் பெண்களுக்கு ஓட்டப்பந்தயம் வைத்திருக்கிறார்களாம். கடலைப் பார்த்துப் பயந்தவளை மலைமேல் ஓடவிட்டால் பயம் போகும் என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ தெரியாது. ஆனால் ஓடுகிற எல்லோருக்கும் எவர்சில்வர் தூக்கு உண்டு என்றதும் பன்னிரண்டு பேரும் கைதூக்கினார்கள். வேலம்மாளும்தான்.

பக்கத்தில் நின்ற தேசப்பன் சிரித்தான். முன்னால் நடக்க ஆசைப்படுகிறவர்கள் மலையில் முன்னால் வந்து காட்டட்டும் என்று யாரையும் பார்க்காமல் சொன்னான். கொளஞ்சியம்மாள் அவனுக்கு நேரே போய் நின்றாள்.

"நான் மொதல்ல வந்தா அடுத்த சீசன்ல முன்னெடம் யாருது?"

"மொதல்ல வந்தா ஒன்னுதுதான், போ."

மரக்காணத்தில் மலைக்கு எங்கே போவது? அளத்தில் இருக்கிற உப்பு அம்பாரம்தான் மலை. அதன் மேலே மழைக்காக ஓலை வேய்ந்து கட்டியிருந்தார்கள், ஏற முடியாது. கொளஞ்சியம்மாள் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடுவரை ஓடிப்பார்த்தாள். வீட்டில் என்ன விபரீதமோ என்று நாலு பேர் கூடவே ஓடி வந்தார்கள். அத்தோடு பயிற்சி முடிந்தது.

பந்தயம் கார்த்திகையில். முதல் நாளே கடலில் புயல் சின்னம் என்று ரேடியோ சொல்லிவிட்டது. விடிந்ததும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. தள்ளிவைக்கலாமே என்று டிரைவர்கூடக் கேட்டார். பேனரில் தேதி அச்சடித்தாகிவிட்டது, சிறப்பு விருந்தினரும் நேற்றே வந்துவிட்டார் என்றார் மணிவண்ணன். பஸ்ஸில் தேசப்பனும் ஏறி உட்கார்ந்திருந்தான். மத்தியானம் சாப்பாடு உண்டு என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

கரடிமலையில் கரடி கிடையாது என்று மணிவண்ணன் சத்தியம் செய்த பிறகுதான் பெண்கள் இறங்கினார்கள். நாற்பது பேர், பல ஊர்க்காரர்கள். அடிவாரத்திலிருந்து உச்சி மண்டபம்வரை மூன்று கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. அதில் அப்போது மனிதருக்கு இடம் இல்லை, செம்மண் தண்ணீர்தான் இறங்கிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ கொடுத்திருந்தார்கள். கொளஞ்சியம்மாள் பிறந்ததிலிருந்து ஷூ போட்டதில்லை. விசில் ஊதி இருபது அடி போவதற்குள் ஷூவில் படி தண்ணீர் புகுந்துகொண்டது. இரண்டையும் கழற்றிப் புதரில் வீசினாள்.

வெறுங்காலோடும் வழுக்கியது. காற்று ஒரு தள்ளு தள்ளியதும் தொப்பென்று விழுந்தாள். எழுந்து பத்தடி போனாள், மறுபடி விழுந்தாள். அவளுக்கே வெட்கமாகிவிட்டது. ஈர வரப்பில் இத்தனை வருஷம் நடந்து ஒரு தடவை கால் இடறியதில்லை, இன்றைக்கு என்ன கேடு? அம்சவல்லி எல்லோருக்கும் முன்னால் மான் மாதிரி தாவிக்கொண்டு போனாள். திண்டிவனம் பேங்கில் வேலை பார்க்கிற ஒரு குண்டு அம்மாள், கண்ணாடியில் மழைத்தண்ணீர் வழிய, இவளைத் தாண்டிப் போனாள். உப்பளத்துப் பெண்கள் இன்னும் இரண்டு பேர் விழுந்து எழுந்தார்கள். மேஸ்திரி சொன்னது நிஜம்தானோ, வயசாகிவிட்டதோ என்று கொளஞ்சியம்மாள் முதல் தடவையாக நினைத்தாள்.

பாதி மலையில், ஒற்றையடிப் பாதையை ஜீப் ரோடு வந்து தொடுகிற இடத்தில் ஒரு தார்ப்பாய்ப் பந்தல். அங்கே சாப்பாட்டு ஜீப் சேற்றில் புதைந்து நின்றது. சமையல்காரர் பெரிய அண்டா ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி, தக்காளி சாதம் மேலே போகாவிட்டால் விருந்தினருக்கு என்ன பதில் சொல்வேன் என்று புலம்பிக்கொண்டிருந்தார். மணிவண்ணன் சிக்னல் இல்லாத செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கொளஞ்சியம்மாள் மூச்சு வாங்க நின்று அந்த அண்டாவைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குத் தன் தலைமேல் ஒன்றுமே இல்லை என்பது உறைத்தது. சுமை இல்லாமல் அவள் எப்போது வேகமாக நடந்திருக்கிறாள்? தலையில் பாரம் இருந்தால் கழுத்து நிமிரும், இடுப்பு கட்டுப்படும், கால் தானாகத் தரையைப் பிடிக்கும். இதுதானா சங்கதி!

துண்டை முறுக்கிச் சும்மாடு வைத்தாள். தூக்கிவிடச் சொன்னாள். மணிவண்ணன் பதறிப்போனார்.

"ஓடறவங்க லோடு தூக்கக் கூடாதுங்கம்மா."

"எந்த பேப்பர்ல எழுதியிருக்குது, காட்டு."

எந்தப் பேப்பரிலும் எழுதியிருக்கவில்லை. யார்தான் எழுதிவைப்பார்கள்? சமையல்காரர் கும்பிடாத குறையாக ஒரு பக்கம் பிடிக்க, அண்டா அவள் தலையில் ஏறியது. இருபத்தைந்து கிலோ இருக்கும், உப்புக் கூடையைவிட லேசு. கொளஞ்சியம்மாள் ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டு நடக்க ஆரம்பித்தாள். அப்புறம் காற்று அடித்தது, மழை அடித்தது, அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தாள்.

அளத்தில் ஒரு வழக்கம் உண்டு. வரப்பில் சுமையோடு ஒருத்தி வந்தால், வெறுங்கூடைக்காரி கீழே இறங்கி வழிவிட வேண்டும். பேச்சே கிடையாது, யோசிக்கவும் மாட்டார்கள். பின்னால் அந்தப் பழகிய காலடி கேட்டதும் உப்பளத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பாதையை விட்டு இறங்கி நின்றார்கள். அவள் தாண்டியதும் பின்னால் வந்து வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். கீழேயிருந்து மெதுவாக ஏறி வந்த வேலம்மாள் வழக்கம்போலக் கடைசியில். விழுந்து எழுந்து வந்தவர்கள் அதற்கப்புறம் விழவில்லை. வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். பேங்க் அம்மாளையும் தாண்டியாகிவிட்டது. கடைசியாக, எல்லோருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்த அம்சவல்லியும் காலடியைக் கேட்டாள். சட்டென்று இறங்கி வழிவிட்டாள். தான் பந்தயத்தில் ஓடுகிறோம் என்பது கொளஞ்சியம்மாளின் பின்னால் பத்தடி நடந்த பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

மண்டபம் தெரிந்தது. சிவப்பு ரிப்பன் காற்றில் படபடத்தது. இன்னும் ஐம்பதடிதான். விருந்தினரின் ஜீப்பில் முன்னாலேயே மேலே வந்துவிட்ட தேசப்பன் மண்டபத்தில் ஒண்டி நின்று பார்ப்பதுகூடத் தெரிந்தது. கொளஞ்சியம்மாளுக்கு நெஞ்செல்லாம் சந்தோஷம். பழக்கத்தில் குரல் கொடுத்தாள்.

"ஏ... வா!"

பதில் வரவில்லை. காற்றின் இரைச்சலோ என்று இன்னொரு தடவை கூப்பிட்டாள். அதற்கும் பதில் இல்லை.

கொளஞ்சியம்மாள் நின்றாள். அவள் நின்றதும் வரிசை நின்றது. தலையில் அண்டா, திரும்பவும் முடியாது, தனியாக இறக்கவும் முடியாது. வேலம்மாள் எங்கே என்று அம்சவல்லியைக் கேட்டாள். அம்சவல்லி வந்த வழியே இறங்கிப் போனாள். பேங்க் அம்மாள் மூச்சிரைக்க வந்தாள். வழியில் ஏன் எல்லோரும் கியூ நிற்கிறார்கள் என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே தாண்டிப் போய்விட்டாள். அவள் முதுகு ரிப்பனை நெருங்குவதைக் கொளஞ்சியம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். ஐம்பதடி. ஓடினால் இப்போதும் பிடித்துவிடலாம். கால் மட்டும் நகரவில்லை.

மேலே விசில் ஊதினார்கள். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கீழேயிருந்து ஈனமாக "வந்தேன்" என்று ஒரு குரல் வந்தது.

மண்டபத்தில் பேங்க் அம்மாளுக்குக் கோப்பை கொடுத்தார்கள். எதற்காகத் தனக்குக் கொடுக்கிறார்கள் என்று அவளுக்கே விளங்கவில்லை. அண்டாவை இறக்கியதும் கொளஞ்சியம்மாள் அழுதாள். மறைவாக அழுகிற ஆள் இல்லை அவள், மலையே கேட்கிற மாதிரி அழுதாள். அழுதுகொண்டே கரண்டியை எடுத்துப் பரிமாறவும் ஆரம்பித்தாள். அம்சவல்லி வேலம்மாளைத் தாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். முட்டிக்கு என்ன ஆச்சு, எத்தனை நாளாக இப்படி என்று தேசப்பன் கேட்டான். இன்றைக்கு மலையில் வழுக்கியதுதான், நாலு நாளில் சரியாகிவிடும் என்று கொளஞ்சியம்மாள் அழுகைக்கு நடுவில் கூசாமல் புளுகினாள்.

தேசப்பன் தட்டை நீட்டினான். முதலில் வந்தால்தான் என்று பேச்சு, நீ இரண்டாவது, என்மேல் வருத்தப்படாதே என்று நியாயம் பேசினான். அப்போது அம்சவல்லி குறுக்கே வந்தாள்.

"மேஸ்திரி, அடுத்த சீசன்ல நான் முன்னால நடக்க மாட்டேன்."

"ஏன், ஒனக்கு என்னா கொறச்சலு?"

"நான் முன்னால ஓடினப்ப மூணு பேரு விழுந்தாங்க. திரும்பிப் பாக்கணும்னுகூட எனக்குத் தோணல. அக்கா சோத்தத் தூக்கினு முன்னால வந்துச்சு, அப்பறம் ஒருத்தி கொறைஞ்சத அதுதான் கண்டுபுடிச்சுது. நான் நடுவுலயே வரேன்."

மற்றப் பெண்கள் யாரும் தட்டைத் தொடவில்லை. தேசப்பன் ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்தான். பதினோரு முகமும் ஒரே மாதிரி இருந்தன. அவனுக்குக் காலையிலிருந்து பசி. மழை ஓயும்போல் தெரியவில்லை. அண்டாவில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"செரி, நீயே நட. சோத்தப் போடு."

கொளஞ்சியம்மாள் அழுகையை நிறுத்தி, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கரண்டி அந்தரத்தில் நின்றது.

"எங்க நடக்கணும்? முழுசா சொல்லு மேஸ்திரி."

"முன்னால."

கொளஞ்சியம்மாள் கரண்டியை அண்டாவின் அடிவரை விட்டுத் துழாவி, கருகிய காந்தலாகப் பார்த்து அள்ளி அவன் தட்டில் போட்டாள்.