புல் வெட்டும் மெஷின்

எங்கள் ஆமத்தூர்ப் பக்கம் புல் முளைப்பதே அபூர்வம். முளைத்ததையும் ஆடு மிச்சம் வைக்காது. அதை வெட்டப் பெட்ரோலில் ஓடும் மெஷின் ஒன்று உண்டு என்பதே, நான் நாலாம் வகுப்புப் படித்தபோது அப்பா அதை வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். சிவகாசியில் அச்சகம் வைத்திருந்த ஒருவரின் பங்களாவுக்கு உரியது. அங்கே புல்தரையில் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம் நடக்கவிருந்த சமயம் பார்த்து, மெஷின் கிளம்ப மறுத்துவிட்டது.

அப்பா மொபெட்டும் ஸ்பிரேயரும் ரிப்பேர் பார்ப்பவர். புல் வெட்டும் மெஷினை அதுவரை தொட்டதில்லை. அந்த விவரத்தை அச்சகக்காரரிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அம்மாவுக்கு வேலை இருந்தது; சீசன் நேரம். அப்பா கொல்லையில் சாக்கை விரித்து இன்ஜினைப் பிரித்தார். கார்புரேட்டரைக் கழுவினார், ஊதினார், துளைகளைக் குத்திச் சுத்தம் செய்தார். பிரித்தது சுலபமாக இருந்தது. மாட்டுவதுதான் பெரும்பாடு. மாட்டுவார், கழற்றுவார், கொஞ்ச நேரம் வானத்தைப் பார்ப்பார், மறுபடி மாட்டுவார். எல்லாம் பூட்டி முடிந்தபோது, இரு முனையும் வளைந்த சின்னக் கம்பி ஒன்று சாக்கில் மிஞ்சிக் கிடந்தது.

"அப்பா, இது எங்கன மாட்டணும்?"

"அது சும்மா அலங்காரத்துக்குப் போட்டிருப்பாக" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இன்ஜினின் வேகத்தைக் கட்டுக்குள் வைப்பதே அந்தக் கம்பிதான் என்பது, கயிற்றை இழுத்த சற்று நேரத்தில் தெரிந்துவிட்டது.

முதலில் இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது. நான் கைதட்டினேன். சத்தம் ஏறியது, நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. மெஷின் சக்கரங்களோடு துள்ளித் துள்ளி என்னை நோக்கி வந்தது. பிளேடைக் கழற்றி வைத்திருந்தார் என்றாலும், நான் தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். அப்பா கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் சாய்ந்தார். விட்டால் என் மேல் ஏறும். விடாமல் இன்ஜினை நிறுத்தவும் வழியில்லை. நிறுத்தும் ஒயரை அவர் இன்னும் மாட்டியிருக்கவில்லை. டேங்கிலிருந்து பெட்ரோல் சிதறியது.

அந்த நேரத்தில்தான் அம்மா கொல்லை வழியாக உள்ளே வந்தாள். பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கும் வேலை அவளுக்கு. கை, முகம், சேலை எல்லாம் அந்த மருந்தின் வெள்ளிப் பொடி. வந்ததும் நேராகக் குளிக்கப் போகிறவள், அன்று தூக்குவாளியைப் போட்டுவிட்டு எங்களிடம் ஓடி வந்தாள்.

"வராத! கிட்ட வராத நீ!" என்று அப்பா கத்தினார்.

உதவிக்கு வருகிறவளை ஏன் விரட்டுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அவள் காதில் வாங்கவேயில்லை. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, ஸ்பார்க் பிளக்கின் மேலிருந்த தொப்பியைப் பிடுங்கினாள். நீலமாக ஒரு பொறி தெறித்தது. மெஷின் நின்றது.

அப்பா அவளைத் தொட்டிப் பக்கம் இழுத்துப்போய் வாளி வாளியாகத் தலையில் ஊற்றினார். அவள் அசையாமல் நின்றாள்.

"பிள்ளையப் பாருங்க" என்றாள்.

மெஷின் மேலிருந்த கோபத்தை அம்மாவிடம் காட்டுகிறார் என்றே நினைத்தேன். "அம்மாவ விடுங்க!" என்று அழுதுகொண்டே அவர் முதுகில் குத்தினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை, ஊற்றிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காட்டுக்குக் கொண்டுபோய்க் கம்பியை மாட்டி, ஓட்டிப் பார்த்து, மெஷினைக் கொடுத்துவிட்டு வந்தார். நிச்சயதார்த்தம் நன்றாகவே நடந்ததாம். நான் அப்பாவிடம் பேசவில்லை. அவரும் காரணம் சொல்லவில்லை.

அந்தத் தொப்பியைப் பிடுங்கும் முன் அம்மா கண்களை இறுக மூடிக்கொண்டது எனக்கு இன்றும் தெளிவாக நினைவிருக்கிறது. சத்தம் தாங்காமல் மூடினாள் என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.