மைக்கை அணைத்துவைத்த மூன்று வாரம்

மூன்று வருடங்களுக்கு முன், மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு டிசம்பர் மாதத்தில், ராயப்பேட்டையில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் நடந்தது இது. முதல் மாடி. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. சமையலறையில் ஸ்பூன் விழுந்தால் ஹாலில் கேட்கும். நான் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே டெக்னீஷியன். எனக்கு மதியம் ஒரு மணிக்குத்தான் டியூட்டி. மனைவி கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். பன்னிரண்டரைக்கு வந்துவிடுவாள். அவள் உள்ளே வர, நான் வெளியே போக, இப்படித்தான் எங்கள் வீடு ஓடியது.

எங்களுக்கு ஒரே பெண். அப்போது பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. அந்த வருடம் அவளுக்குச் சிறுநீரகத்தில் ஒரு கோளாறு வந்தது. உடம்பில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரோடு வெளியே போய்விடும். முகமும் காலும் வீங்கும். மருந்துக்குக் கட்டுப்படும், வளர வளரச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். ஆனால் சளி, காய்ச்சல் என்று ஏதாவது வந்தால் இதுவும் கூடவே திரும்பிவிடும். ஆறு மாதத்தில் இரண்டு முறை அப்படிப் படுத்தாள். மாத்திரையின் அளவைக் குறைக்கும்வரை கூட்டத்தில் விட வேண்டாம் என்றார் டாக்டர். மயிலாப்பூரில் அவள் படித்த பள்ளியில் கேட்டோம். வருகை நாட்கள் ஏற்கெனவே போதவில்லை, அடுத்த வருடம் இதே வகுப்பில் உட்காரட்டும் என்றார்கள். அவளுக்கு அதில் விருப்பமில்லை. விசாரித்து, முழுக்க ஆன்லைனிலேயே நடக்கும் ஒரு பள்ளியில் நடு வருடத்தில் சேர்த்தோம்.

நான் எதையும் முறையாகச் செய்கிற ஆள் என்று எனக்கு ஒரு நினைப்பு. ஹாலில் ஜன்னலோரம் மேஜை போட்டேன். பழைய லேப்டாப் ஒன்று வாங்கினேன். நேர அட்டவணையைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினேன். வீட்டில்தானே என்று நைட்டியோடு உட்காரக் கூடாது, தலை வாரி, பொட்டு வைத்து, நல்ல சட்டை போட்டுத்தான் வகுப்பு என்று சொல்லிவிட்டேன். அவளும் அப்படியே உட்கார்ந்தாள். ஓசூர், திருச்சி, சேலம் என்று பல ஊர்ப் பிள்ளைகள். முதல் வாரம் நன்றாகவே போனது. சேலத்துப் பெண் ஒருத்தி தன் வீட்டுப் பூனையைக் காட்டினாள் என்று சாப்பிடும்போது சொன்னாள்.

இரண்டாவது வாரத்தில் பேச்சு நின்றது. திரையில் அவள் முகம் இருக்க வேண்டிய கட்டத்தில் பெயரின் முதல் எழுத்து மட்டும் இருந்தது. கேமராவும் இல்லை, மைக்கும் இல்லை. டீச்சர் கேள்வி கேட்டால் பதிலை எழுத்தில் தட்டி அனுப்பினாள். வாய் திறக்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். மாத்திரையால் அவள் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. கண்ணாடி பார்ப்பதைக்கூட விட்டிருந்தாள். அதனால்தான் வெட்கப்படுகிறாள் என்று நானே முடிவு கட்டி, தினமும் அறிவுரை சொன்னேன். முகத்தில் என்ன இருக்கிறது, அறிவுதான் முக்கியம் என்றேன். வகுப்பு நடக்கும்போது பின்னால் போய் நின்று, கேமராவைப் போடச் சொல்லிச் சைகை காட்டினேன். ஒருநாள் நானே கையை நீட்டிப் போட்டும் விட்டேன். அவள் உடனே அணைத்துவிட்டு, தலை குனிந்துகொண்டாள். பிடிவாதம் என்று எனக்குக் கோபம் வந்தது. இந்தப் பள்ளி இவளுக்குச் சரிப்படாது, பேசாமல் வருடம் போனால் போகட்டும் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மூன்று வாரம் இப்படியே ஓடியது. ஒருநாள் டியூட்டிக்குப் போன பிறகு வகுப்பு டீச்சர் போனில் அழைத்தார். கோயம்புத்தூர்க்காரர், மெதுவாகப் பேசுகிறவர். பெண் எழுத்தில் நன்றாகச் செய்கிறாள், ஆனால் காலை வகுப்புகளில் குரலே இல்லை என்றார். நான் முகவீக்கத்தைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, "மூணு வாரத்துக்கு முன்னாடி நடந்த ஒரு வகுப்போட ரெக்கார்டிங் அனுப்பறேனுங்க சார். பதினெட்டாவது நிமிஷத்துல இருந்து பாருங்க. முன்னாடியே அனுப்பியிருக்கோணும், எப்படிச் சொல்றதுன்னு தெரியலைங்க" என்றார்.

நாலு மணி வாக்கில் எக்ஸ்ரே அறையில் கூட்டம் இல்லாத நேரம். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பார்த்தேன். கணக்கு வகுப்பு. பின்னம். என் பெண்ணின் முகம் திரையில் தெரிந்தது. டீச்சர் கேட்ட கேள்விக்கு அவள் மைக்கைப் போட்டு எழுந்த மாதிரி நிமிர்ந்து, பாதி பதில் சொல்லியிருப்பாள். அப்போது பின்னாலிருந்து ஒரு ஆம்பளைக் குரல், குழாயடியில் கூப்பிடுகிற மாதிரி:

"ஏய், யூரின் புடிச்சு டெஸ்ட் பண்ணியா இல்லியா? இன்னா கலரு, பச்சையா கீதா மஞ்சளா கீதா?"

அது என் குரல்.

சொல்லிவிடுகிறேன். இந்த நோய்க்குத் தினமும் காலையில் ஒரு காகிதப் பட்டையைச் சிறுநீரில் நனைத்துப் பார்க்க வேண்டும். மஞ்சளாகவே இருந்தால் நல்லது, பச்சையானால் புரதம் போகிறது என்று அர்த்தம். அதைத்தான் சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டே கேட்டிருக்கிறேன். பதில் வராததால் இன்னொரு முறை, இன்னும் சத்தமாகக் கேட்டிருக்கிறேன். மூஞ்சி இன்னும் வீங்கித்தான் இருக்கு, மாத்திரையாவது போட்டியா என்று வேறு. திரையில் கட்டம் கட்டமாகப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு பையன் பச்சை, மஞ்சள் என்று தட்டி அனுப்பியிருந்தான். டீச்சர் சட்டென்று எல்லோருடைய மைக்கையும் அணைத்துவிட்டு அடுத்த கணக்கை ஆரம்பித்தார். என் பெண் சில விநாடிகள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் முகம் போய், அந்த எழுத்து வந்தது.

இதில் என்னை அதிகம் உலுக்கிய விஷயம், அந்தக் காலை எனக்கு நினைவிலேயே இல்லை என்பதுதான். தினமும் கேட்கிற கேள்வியை அன்றும் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். பார்த்து முடித்தபோது வெளியே ஒரு அம்மா சீட்டோடு நின்றிருந்தார். நான் வழக்கம்போல அவருக்கு மாற்றுடை கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு, உடை மாற்றி அவரே கூப்பிடும்வரை வெளியில் நின்றேன். பதினைந்து வருடமாக அப்படித்தான் நிற்கிறேன். நோயாளியின் விவரத்தைத் தாழ்வாரத்தில் வைத்து ஒருநாளும் நான் பேசியதில்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் மனைவியைச் சமையலறைக்கு அழைத்து விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அவதான் சொல்ல வேணாம்னா. சொன்னா அதையும் கிளாஸ் நடக்கும்போது வந்து கேப்பீங்கன்னு பயப்படுறா" என்றாள்.

மறுநாள் காலை வகுப்பு தொடங்கும் முன்பே பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த ரெக்கார்டிங்கைப் பார்த்துவிட்டதாகச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். அவள் அழவில்லை. பென்சில் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"மத்தியானம் நான் பேசிக்கினுதான்பா கீறேன்" என்றாள். "நீ டூட்டிக்குப் போனப்புறம் மைக் ஆன் பண்ணுவேன். சயின்ஸ்ல நான்தான் நெறைய பதில் சொல்றேன்."

ஆக, அவள் புதுப் பள்ளிக்கு என்றோ பழகிவிட்டிருந்தாள். நான் வீட்டில் இல்லாத நேரத்தில்.

டீச்சரிடம் அனுமதி வாங்கி, வகுப்பில் எல்லோர் முன்னும் நானே மன்னிப்புக் கேட்கட்டுமா என்றேன். அது சரியான பரிகாரம் என்று நம்பித்தான் கேட்டேன். அவள் பதறிப்போனாள்.

"வேணாம்பா. எல்லாரும் மறந்துட்டாங்க. நீ திரும்ப ஞாபகப்படுத்தாத."

என்ன செய்ய வேண்டும் என்று அவளையே கேட்டேன். யோசித்து மூன்று விஷயம் சொன்னாள். வகுப்பு நேரத்தில் ஹாலுக்கு வரக் கூடாது. ஏதாவது கேட்க வேண்டுமானால் சீட்டில் எழுதி மேஜையின் ஓரத்தில் வைக்க வேண்டும். டெஸ்ட்டை அவளே செய்து, நோட்டில் குறித்து, என் பையில் வைத்துவிடுவாள், அதைப் பற்றி வாயால் பேசவே கூடாது. சரி என்றேன்.

மூன்றில் முதலாவதுதான் கஷ்டம். படுக்கையறையில் உட்கார்ந்தாலும் என் இருமல் கேட்கும். அதனால் காலையில் சமையலை முடித்துவிட்டு, வாசல் கதவைத் திறந்துவைத்து, மாடிப்படியில் செய்தித்தாளோடு உட்கார ஆரம்பித்தேன். கூப்பிட்டால் எழுந்து போகிற தூரம்தான். கீழ்வீட்டுக்காரர் இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது சண்டையா என்று விசாரித்தார். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் நடக்கிறது என்றேன். அவருக்குப் புரிந்ததோ என்னவோ.

பத்து நாளுக்கு மேல் உள்ளிருந்து டீச்சர் குரல் மட்டும்தான் வந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. நோட்டு மட்டும் தவறாமல் என் பையில் இருந்தது. ஒருநாள் பச்சை என்று எழுதியிருந்தாள். சத்தமில்லாமல் டாக்டருக்குப் போன் செய்து மாத்திரை அளவைக் கேட்டு, சீட்டில் எழுதி மேஜையில் வைத்தேன்.

பொங்கல் கழிந்து, ஒரு வியாழக்கிழமை என்று நினைக்கிறேன். படியில் உட்கார்ந்திருந்தபோது கணக்கு வகுப்பில் அவள் குரல் கேட்டது. பதில் சரி என்றார் டீச்சர். உடனே ஒரு பையன் குரல், உன் முகம் ஏன் இவ்வளவு குண்டா இருக்கு என்று கேட்டது. கேமராவையும் போட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். நிலைப்படியில் கை வைத்துவிட்டேன். உள்ளே போய் அந்தப் பையனுக்கு விளக்கம் சொல்ல என்னிடம் பத்து வாக்கியம் தயாராக இருந்தது.

"மாத்திரை சாப்புடறேன், அதனால. கொஞ்ச நாள்ல கொறஞ்சிடும்" என்றாள் அவள். பிறகு, "மிஸ், அடுத்த சம்மும் நான் சொல்லவா?" என்றாள்.

நான் திரும்ப வந்து படியில் உட்கார்ந்தேன்.

அந்த வருடத்தை ஆன்லைனிலேயே முடித்தாள். ஜூன் மாதம் மாத்திரை குறைந்து, முகம் பழையபடி ஆகி, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாதாரணப் பள்ளிக்குப் போக ஆரம்பித்தாள். இப்போது எட்டாம் வகுப்பு. அந்த டிசம்பரைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அவளுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று நான் கேட்டதும் இல்லை. அவளுடைய நோயை யாரிடம், எப்போது, எந்த வார்த்தையில் சொல்வது என்பது அவளுக்கு மட்டுமே உரியது, பெற்றவன் என்பதால் அது என்னுடையதாகிவிடாது என்பதை நாற்பது வயதுக்கு மேல், என் குரலை நானே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.